பொதுக் கோப்புறையும் பழைய ஜாபிதாவும்

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுமிடத்து நாம் முதலிற் கேட்பது இருப்புப் பேரேடு; இரண்டாவதாகக் கேட்பது கிடங்கின் சாவி. பேரேட்டில் நாற்பது கட்டு நூல் என்று அழகாக எழுதியிருக்கும். கிடங்கைத் திறந்து எண்ணினால் முப்பத்தெட்டு இருக்கும். எழுதியவர் பொய் எழுதினார் என்பதன்று. எழுதிய பின் இரண்டு கட்டு வெளியே போயின. பேரேட்டிற்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பேரேடு என்பது சரக்கு அன்று. சரக்கைப் பற்றி ஒருவர் ஒரு வேளையில் குறித்து வைத்த செய்தி. 1904ஆம் ஆண்டில் திரூரில் நம் மாகாணத்தின் முதல் சங்கம் பதிவான காலந்தொட்டு நம்மவர்கள் அறிந்துவரும் சங்கதி இது. ஆயினும் அதே அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு கோப்புப் பட்டியல் தோன்றிவிட்டால், அதைப் பேரேடாகக் கருதாமல் சரக்காகவே கருதிவிடுகிறார்கள். அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

மதுரை கே.கே. நகரிலும் அதையடுத்த அண்ணா நகர், வண்டியூர்ப் பக்கங்களிலும் வசிக்கும் அங்கத்தினர் குடும்பங்களில் இன்று இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பது அபூர்வமன்று. கீழ்க்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று, கல்லூரி செல்லும் பிள்ளையின் மடிக்கணினி ஒன்று. எல்லாவற்றையும் இணைக்க ஒரு ரவுட்டர். ஒன்றிலுள்ள கோப்புறையை மற்றவற்றிலிருந்தும் திறக்கும்படி வைத்துக்கொள்கிறார்கள். ‘ஷேர் ஃபோல்டர்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நாம் இதைப் பொதுக் கோப்புறை என்போம். பூ விலை, சாயக் கணக்கு, கூலிப் பட்டியல், டிசைன் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியவில்லை, நீக்கியது நீங்காமல் நிற்கிறது, புதிதாக வைத்தது காணவில்லை என்று நம்மிடம் முறையிட்டவர் பலர். ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு இவ்விஷயத்தையே எடுத்துக்கொண்டோம்.

கே.கே. நகரில் ஒரு வீட்டில் நடந்ததை முதலிற் சொல்லிவிடுவது நலம். அவ்வீட்டார் சுங்குடிச் சேலைத் தொழிலில் உள்ளவர்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், துணியிற் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போடும் வேலை பெரும்பாலும் பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்தபடியே செய்வது. எந்தச் சேலை யாரிடம் போயிருக்கிறது, எத்தனை சேலை திரும்பி வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி நிலுவை என்ற பட்டியலை மருமகள் மாடியிலிருந்து எழுதுகிறார். மாமனார் கீழே அச்சிட்டு, சனிக்கிழமை மாலையில் கூலி பட்டுவாடா செய்கிறார். முடிச்சுக் கூலியை உயர்த்தி இரண்டு வாரம் ஆகியும் சில பெண்களுக்குப் பழைய விகிதத்திலேயே பணம் போயிருக்கிறது. கேட்டால், “பட்டியலில் இப்படித்தானே இருக்கிறது!” என்று மாமனார் காகிதத்தைக் காட்டுகிறார். “நான் அன்றைக்கே மாற்றிவிட்டேன், மாமா” என்று மருமகள் தம் திரையைக் காட்டுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. இடையில் நஷ்டப்பட்டவர்கள், கணக்குப் பார்க்கத் தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போன நான்கு பெண்கள். அவ்வீட்டில் கோளாறு எது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதை அறிய வேண்டுமானால் முதலில் பட்டியல் எங்கே, எவ்விதம் தயாராகிறது என்பது தெரிய வேண்டும்.

கோப்புறையைத் தன்னிடம் வைத்திருக்கும் கம்ப்யூட்டரைக் கிடங்குக் கணினி என்றும், அதனை எட்ட இருந்து திறக்கும் கம்ப்யூட்டரைக் கேட்கும் கணினி என்றும் வழங்குவோம். இவை இரண்டும் ஒன்றோடொன்று பேசும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அதனை எடுத்து விரிவுபடுத்தினர். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1990களின் தொடக்கத்தில் இதே பாஷையைப் பிற இயந்திரங்களும் பேசும்படி ‘சாம்பா’ என்ற புரோகிராமை எழுதி உலகிற்கு இலவசமாகக் கொடுத்தார். வீடுகளில் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கும் சேமிப்புப் பெட்டிகள் பல இன்றும் அந்தச் சாம்பாவைக் கொண்டே இயங்குகின்றன. பலர் கூடி எழுதி, யாவர்க்கும் பொதுவாக விட்ட வேலை அது. கூட்டுறவாளர்களாகிய நமக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. நிற்க.

கேட்கும் கணினி ஒவ்வொரு முறையும் கிடங்கிற்கு ஆள் அனுப்பி எண்ணிவரச் செய்வதில்லை. அவ்வாறு செய்தால் வேலை தாமதமாகும். சாமர்த்தியமான கடைப் பையனைப் போல, ஒரு முறை போய்ப் பார்த்து வந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் அதிலிருந்தே விடை சொல்கிறது. இந்த ஞாபகத்திற்குக் ‘கேஷ்’ என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எஸ்.எம்.பி. இரண்டாம் பதிப்பு முதல் கேட்கும் கணினியில் இத்தகைய ஞாபகங்கள் மூன்று உண்டு. கோப்புறையின் பட்டியலை 10 வினாடி வைத்திருக்கும். தனிக் கோப்பு ஒன்றின் அளவு, தேதி முதலிய விவரங்களை 10 வினாடி வைத்திருக்கும். ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற செய்தியை 5 வினாடி வைத்திருக்கும். மூன்றாவதுதான் வேடிக்கையானது. இல்லாததையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஞாபகம் அது! நாம் ஒரு கோப்பைத் தேடி, இல்லை என்று அறிந்து, மாடியில் இருப்பவரைக் கூப்பிட்டு உடனே வைக்கச் சொல்லி மறுபடி தேடினால், முன் சொன்ன ‘இல்லை’யே மறுபடியும் விடையாக வரக்கூடும். இயந்திரத்தைத் திட்டுவதற்குமுன் ஐந்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

எஸ்.எம்.பி. மூன்றாம் பதிப்பு 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தபோது இம்முறை சற்றுத் திருந்தியது. கிடங்குக் கணினி, “உன் பட்டியலை நீ வைத்துக்கொள், மாறுதல் வந்தால் நானே சொல்லி அனுப்புகிறேன்” என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. இரு பக்கமும் புதிய பதிப்பைப் பேசினால்தான் அது பலிக்கும்.

இதுவரை சொன்னது வினாடிக் கணக்கு. ஆனால் அங்கத்தினர்கள் முறையிடுவதோ மணிக் கணக்கையும் நாட்கணக்கையும்! பத்து வினாடி ஞாபகம் இரண்டு வாரத்துப் பழைய கூலி விகிதத்தை எப்படிக் காட்ட முடியும்? முடியாது. ஆகவே, நாட்கணக்கில் பழைய பட்டியல் தெரியுமானால் அதற்குக் கேஷைக் குறை சொல்வது தவறு. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இவ்வொரு விஷயத்தை மனத்திற் கொண்டாலே பாதி அலைச்சல் குறைந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம். அக்கம்பக்கத்துப் பையன்கள் எதற்கெடுத்தாலும் ‘கேஷை கிளியர் பண்ணுங்க, அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டுப் போவது, வந்த நோய்க்கெல்லாம் சுக்குக் கஷாயம் கொடுப்பதைப் போன்றது.

எங்கே தேடுவது என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. காசு செலவில்லை, இரண்டு பேர் வேண்டும். கிடங்குக் கணினியில் ஒருவர் உட்கார்ந்து, பொதுக் கோப்புறைக்குள் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி, அந்த நேரத்தையே அதற்குப் பெயராக இட வேண்டும். காலை 10 மணி 42 நிமிடமானால் 1042 என்று பெயர். மற்றவர் கேட்கும் கணினியில் அதே கோப்புறையைத் திறந்து வைத்து, கையை எதன்மீதும் வைக்காமல் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வினாடிக்குள் 1042 தானே தோன்றினால் எல்லாம் சரியாக இருக்கிறது. முறையீட்டுக்குக் காரணம் மனிதரிடத்தில். பெரும்பாலும் வேறு பெயரில், வேறு உட்கோப்புறையில் சேமித்திருப்பார்கள்.

தானே தோன்றவில்லை, ஆனால் விசைப்பலகையின் மேல்வரிசையிலுள்ள எஃப்5 விசையை அழுத்தியவுடன் தோன்றுகிறது என்றால், பட்டியல் சரி. சொல்லி அனுப்பும் ஆள்தான் வரவில்லை. திறந்திருக்கும் ஜன்னல், மாறுதல் அறிவிப்பு வந்தால் மட்டுமே தன்னைத் திருத்திக்கொள்ளும். சேமிப்புப் பெட்டிகள் சில, அதிலும் ரவுட்டரின் முதுகில் யு.எஸ்.பி. தட்டைச் செருகிப் பொதுவாக்கியிருக்கும் ஏற்பாடுகள் பல, இவ்வறிவிப்பை ஒழுங்காக அனுப்புவதில்லை. ஆதலின் அத்தகைய வீடுகளில் எஃப்5 அழுத்திய பிறகே பட்டியலைப் படிப்பது என்ற பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். கைப்பேசியில் பார்ப்பவர்கள் பட்டியலை விரலால் கீழே இழுத்துவிட்டால் அதே பயன் கிடைக்கும்.

எஃப்5 அழுத்தியும் தோன்றவில்லை, கேட்கும் கணினியை அணைத்துப் போட்டால் மட்டும் தோன்றுகிறது என்றால், அப்போதுதான் கேஷைப் பற்றி யோசிக்கலாம். அணைத்துப் போட்டும் 1042 வரவேயில்லை என்றால், நீங்கள் பார்ப்பது அந்தக் கோப்புறையே அன்று! ஒரே பெயருடைய வேறொரு கோப்புறை. நாம் கண்டவற்றுள் மிகுதியும் இவ்வகைதான்.

கே.கே. நகர் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. சோதனைக் கோப்பு மாடியில் உண்டாயிற்று. கீழே ஒரு மணி நேரமாயும் வரவில்லை. கீழ்க் கணினியில் ‘இசட்’ என்ற எழுத்துடன் ஒரு டிரைவ் இருந்தது. ஐந்தாறு வருஷமாக எல்லோரும் அதையே ‘பொது’ என்று சொல்லிவந்தார்கள். கறுப்புத் திரையில் ‘நெட் யூஸ்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டினோம். இக்கட்டளை ஒவ்வொரு டிரைவ் எழுத்தும் எந்தக் கணினியின் எந்தக் கோப்புறையைக் குறிக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும். இசட் குறித்தது மாடியிலுள்ள புதிய கணினியையன்று. பரணுக்கு அடியில் மேஜைமேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியை. புதியதை வாங்கியபோது கோப்புகள் அனைத்தையும் அதற்குப் படி எடுத்தார்கள். மருமகள் புதிய இடத்தில் எழுதத் தொடங்கினார். கீழே இருந்த இசட்டைத் திருப்பிவிடுவது யார் வேலை என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய கணினி நின்றுபோயிருந்தால் கோளாறு முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். பிரிண்டருக்காக அதை ஓடவிட்டிருந்ததால் இசட் தடையின்றித் திறந்தது. பழைய பட்டியலைப் புதியது போல நீட்டியது.

பரிகாரம் சுலபம். இசட்டைத் துண்டித்துவிட்டு, புதிய கணினியின் பெயரைக் கொடுத்து மறுபடியும் இணைத்தோம். அதைவிட முக்கியமானது பழைய கோப்புறையின் பெயரை மாற்றியது. ‘பொது’ என்றிருந்ததைப் ‘பழையது, எழுதாதே’ என்று ஆக்கி, படிக்க மட்டும் அனுமதி வைத்து எழுதும் உரிமையை எடுத்துவிட்டோம். அழிக்க வேண்டாம் என்றோம். ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் மாமனாரும் அதில் சில வரவுகளை எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டுச் சேர்க்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. அந்நான்கு பெண்களுக்கும் பாக்கி கணக்கிடப்பட்டு அடுத்த சனிக்கிழமையே கொடுக்கப்பட்டது.

கணினியை மாற்றும் வீட்டார் அனைவரும் இதனைக் கவனிக்க வேண்டும். படி எடுப்பது என்பது பேரேட்டை இரண்டாக்குவது. இரண்டில் ஒன்றின்மீது அன்றே குறுக்குக்கோடு போடாவிட்டால் இரண்டும் தனித்தனியே வளரத் தொடங்கும்.

இதே வகையில் சேர்ந்த இன்னொரு கோளாறு, ‘ஆஃப்லைன் ஃபைல்ஸ்’ என்ற வசதியால் வருவது. விண்டோஸின் ‘ப்ரோ’ பதிப்பில் இது உண்டு. ‘ஹோம்’ பதிப்பில் இல்லை. கிடங்குக் கணினி அணைந்திருக்கும்போதும் கோப்புகள் கிடைக்கட்டும் என்று கேட்கும் கணினி தன்னிடமே ஒரு படியை வைத்துக்கொள்ளும். தொடர்பு மந்தமாக இருந்தால் கிடங்கிற்குப் போகாமல் அந்தப் படியையே திறந்து கொடுக்கும். வைஃபை எட்டாத பின்கட்டில் மடிக்கணினியை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது நேரும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ‘சிங்க் சென்டர்’ என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் எப்போது கடைசியாக இரண்டும் ஒத்துப்போயின என்பதும், ஒத்துப்போகாமல் நிற்கும் கோப்புகளும் தெரியும். இந்த வசதி வேண்டாம் என்று நிறுத்தத் துணிபவர்கள் ஒன்றை மறக்கலாகாது. முதலில் நல்ல தொடர்பில் வைத்து முழுவதும் ஒத்துப்போகச் செய்துவிட்டு, அதன் பின்னரே நிறுத்த வேண்டும். அவ்வாறின்றி நிறுத்தினால், படியில் எழுதிக் கிடங்கிற்குப் போகாமல் நின்றவை போய்விடக்கூடும்.

இனி மெய்யாகவே கேஷைக் குறைக்க வேண்டியவர்களுக்கு. ஒரு புரோகிராம் கோப்பை வைப்பதும் இன்னொரு கணினியிலுள்ள புரோகிராம் உடனே அதை எடுப்பதுமான வேலைகளில் பத்து வினாடியும் அதிகம். பார்கோடு லேபிள் அச்சிடுவது போன்ற காரியங்களை உதாரணமாகச் சொல்லலாம். விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் என்ற தலைப்பின்கீழ் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், லேன்மேன் வொர்க்ஸ்டேஷன், பாராமீட்டர்ஸ் என்று வரிசையாக இறங்கினால், அங்கே ‘டைரக்டரி கேஷ் லைஃப்டைம்’ என்ற பெயரில் ஓர் எண்ணை இடலாம். பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். எண் வினாடியைக் குறிக்கும். 0 என்றால் ஞாபகமே வேண்டாம் என்று பொருள். கோப்பு விவரத்திற்கும், ‘இல்லை’ என்ற செய்திக்கும் ‘ஃபைல் இன்ஃபோ கேஷ் லைஃப்டைம்’, ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் லைஃப்டைம்’ என்று தனித்தனிப் பெயர்கள் உள்ளன. மாற்றியபின் கணினியை அணைத்துப் போட வேண்டும். மாற்றுவது கேட்கும் கணினியில். கிடங்கில் மாற்றிவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று காத்திருப்பவர்களும் உளர். ரிஜிஸ்ட்ரியைத் தொடுமுன் அதனை ஏற்றுமதி செய்து ஒரு படி வைத்துக்கொள்ளல் அவசியம். ஞாபகத்தைப் பூஜ்யமாக்கினால் ஒவ்வொரு பார்வைக்கும் கிடங்கிற்கு ஆள் போக வேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கில் டிசைன் படங்கள் உள்ள கோப்புறைகள் திறக்க நேரமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கூலிப் பட்டியல் போன்ற சாதாரணக் காரியங்களுக்கு இது வேண்டியதில்லை.

கோப்புப் பட்டியலைவிட அதிகமாக ஏமாற்றுவது கணினிகளின் பட்டியல். ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் வீட்டிலுள்ள கணினிகளின் பெயர்கள் தெரிகின்றன அல்லவா? அதில் அணைத்துவிட்ட கணினி இருப்பதும், ஓடும் கணினி இல்லாதிருப்பதும் சகஜம். பழைய முறையில் இதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. கணினிகள் தமக்குள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். தேர்தல் என்றே அதற்குப் பெயர்! மற்றவை 12 நிமிடத்திற்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று தலைவரிடம் ஆஜர் சொல்லும். மூன்று முறை தொடர்ந்து ஆஜராகாவிட்டால்தான் தலைவர் பெயரை அடிப்பார். ஆக, திடீரென மின்சாரம் நின்று அணைந்த கணினி 36 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கும்; தலைவரிடமிருந்து படி வாங்கி வைத்திருக்கும் உபதலைவர்களிடம் மேலும் சில நிமிடம். தலைவராயிருந்த கணினியே அணைந்துவிட்டால் மறு தேர்தல் முடியும்வரை குழப்பந்தான். சங்க நிர்வாகத்தில் நாம் காணாததா இது!

அந்த முறை எஸ்.எம்.பி. முதற் பதிப்பை நம்பியிருந்தது. 2017இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் அம்முதற் பதிப்பைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். 2018இல் ‘ஹோம்குரூப்’ என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கணினிகள் வரும்போது வணக்கமும் போகும்போது விடையும் சொல்லிக்கொள்ளும் வேறு முறை வழக்கில் இருக்கிறது. விடை சொல்லாமல் அணைந்தால் பெயர் சிறிது நேரம் நிற்கும். வணக்கம் சொல்ல வேண்டிய வேலையாள் தூங்கினால் பெயர் வரவே வராது. அவ்வேலையாளின் பெயர் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’. ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறந்து அதனைத் தானாகத் தொடங்கும்படி அமைத்தால், ‘ஓடுகிறது, ஆனால் தெரியவில்லை’ என்ற முறையீடுகளுள் பல தீர்ந்துவிடும். வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தாலும் கணினி தன்னை வெளிக்காட்டாது. ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பெயர்கள் தெரியவில்லை என்று சொன்னவுடன் ‘எஸ்.எம்.பி. ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாம் தெரியும்’ என்று யோசனை கூறுவோர் இன்றும் இருக்கிறார்கள். தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 2017 மே 12ஆம் தேதி தொடங்கி உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்ட ‘வான்னக்ரை’ என்ற கிருமி, அந்த முதற் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். ஒரு பட்டியல் அழகாகத் தெரிவதற்காக மூன்று வருஷக் கூலிக் கணக்கைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமன்று. பழைய சேமிப்புப் பெட்டி முதற் பதிப்பைத் தவிர வேறெதுவும் பேசாது என்றால், பெட்டியை ஓய்வு பெறச் செய்வதே முறை.

உண்மையில் அந்தப் பட்டியலே தேவையில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, கணினியின் பெயரையோ எண் முகவரியையோ நேரே எழுதினால் கோப்புறை திறந்துவிடும். இது ஒரு சோதனையும் ஆகும். எண்ணைக் கொடுத்தால் திறக்கிறது, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றாலும், பெயரைக் கொடுத்தால் வேறெதுவோ திறக்கிறது என்றாலும், பழையதாகிப்போனது முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணைக் குத்தகையாகக் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்து, எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து புதுக் குத்தகை கேட்கையில் எண்கள் மாறிப்போவதுண்டு. கேட்கும் கணினியோ ‘இந்தப் பெயருக்கு இந்த எண்’ என்பதைப் பழைய நெட்பயாஸ் முறையில் 10 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். அதனைத் துடைக்க ‘என்.பி.டி.ஸ்டாட்’ என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடும் பெரிய எழுத்தில் ‘ஆர்’ உம் சேர்த்துத் தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் துடைக்காது, வேறு விவரத்தைக் காட்டும். நிரந்தரப் பரிகாரம், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கிடங்குக் கணினிக்கு மட்டும் ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தல். ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று அங்கே எழுதியிருக்கும். ஐந்து நிமிட வேலை. பிறகு வருஷக்கணக்கில் தொந்தரவில்லை.

கடிகாரத்தையும் பார்த்துவிடுதல் நல்லது. கணினியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பாட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினி பல வருஷம் பின்னால் போய்விடும். அந்நிலையில் எழுதிய கோப்புகள் பழைய தேதியுடன் பதிவாகும். தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பவருக்கு அவை பட்டியலின் அடியில் போய்விட, ‘புதிய கோப்பு வரவில்லை’ என்பார். இதைவிட அபாயம், ‘புதியதை மட்டும் படி எடு’ என்று அமைத்த காப்புப் புரோகிராம்கள் அக்கோப்புகளைப் பழையவை என்று தள்ளிவிடுவது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை முகூர்த்த நாளில் காலைக்கும் மதியத்திற்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை மல்லிகை பயிரிடும் அங்கத்தினர்கள் அறிவார்கள். விலைக் குறிப்பின் தேதி பிழையானால் அக்குறிப்பால் என்ன பிரயோஜனம்? பாட்டரியைப் புதிதாகப் போட்டு, நேரத்தை இணையத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும்படி அமைத்துவிட வேண்டும்.

கடைசியாக, ‘இக்கோப்பை வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்ற செய்தியைப் பற்றிச் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எக்ஸெல் கோப்பைத் திறக்கும்போது அதன் பக்கத்தில், அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் இட்ட மறைவான சிறு கோப்பு ஒன்று உண்டாகிறது; திறந்தவர் பெயர் அதில் இருக்கும். அவர் மூடும்போது அதுவும் நீங்கும். திறந்திருக்கையில் மின்சாரம் நின்றால், அச்சிறு கோப்பு அனாதையாய் நின்றுபோகும். மறுநாள் வருபவர், ஊருக்குப் போயிருக்கும் ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறந்து, வேறு பெயரில் சேமிப்பார். அங்கே இரண்டாம் பேரேடு பிறக்கிறது. எனவே, வேறு பெயரில் சேமிக்குமுன் வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு, உண்மையாகவே யாரும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்து, அந்தச் சிறு கோப்பை மட்டும் நீக்குக. நீக்க விடவில்லையென்றால் யாரோ மெய்யாகவே திறந்திருக்கிறார்கள் என்று அறிக.

2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சங்கத்தின் கணக்குகள் அவ்வழியில் போய்க்கொண்டிருக்கின்றன; அங்கத்தினர் வீட்டுக் கணக்குகள் இன்னும் நெடுங்காலம் இத்தகைய பொதுக் கோப்புறைகளிலேயே இருக்கும். சோதனைக் கோப்பு வைத்துப் பார்த்தும் விளங்காத கோளாறு உடையவர்கள், எந்த விண்டோஸ் பதிப்பு, கிடங்கு கணினியா சேமிப்புப் பெட்டியா, எஃப்5 அழுத்தினால் என்ன ஆகிறது, ‘நெட் யூஸ்’ என்ன காட்டுகிறது என்ற நான்கு விவரங்களையும் தாளில் குறித்துக்கொண்டு சங்கக் காரியாலயத்தில் கொடுத்தால், அடுத்த விஜயத்தின்போது நேரில் வந்து பார்ப்போம். ‘கம்ப்யூட்டர் சரியில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதில் பயனில்லை.